ஒரே பாட்டின் அதிர்ஷ்டமா? சகாமோத்தோ கியூவின் முதல் ஐந்து ஆண்டுகள்

ஒரு வாசகர் கேட்டது:

இப்போது ஜப்பானில் சுதா மசாக்கி மாதிரி இளம் நடிகர்கள் பாடகர்களாகவும் பேர் வாங்குகிறார்கள். இவர்களை நிறுவனங்கள் பல வருடம் பழக்கி வளர்க்கின்றன. ஆனால் அந்தக் காலத்து சகாமோத்தோ கியூ? ‘சுகியாகி’ என்று ஒரு பாட்டு, அமெரிக்காவில் முதலிடம், அதோடு சரி. அந்தப் பாட்டுக்கு முன்னால் அவர் யார் என்று யாருக்காவது தெரியுமா? வெறும் அதிர்ஷ்டம்தானே?

பிப்ரவரி 11, 2024, இரவு

அதிர்ஷ்டம் என்று ஒரே வார்த்தையில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. நான் கவாசாகியில் எட்டு வருடமாக இருக்கிறேன். கியூ பிறந்த ஊர் இது. இங்கே ரயில் வரும்போது நிலையத்தில் அவர் பாட்டின் மெட்டுதான் ஒலிக்கும். முதல் ஆறு மாதம் அது யாருடைய மெட்டு என்று தெரியாமலே அந்த மெட்டுக்கு நடையை எட்டிப் போட்டிருக்கிறேன்.

கணக்கை மட்டும் முதலில் சொல்கிறேன். பிறந்தது 1941 டிசம்பர் 10. ஒன்பது பிள்ளைகளில் கடைசி. அதனால்தான் ஒன்பது என்ற எழுத்தையே பெயராக வைத்தார்கள். வீட்டில் ஹிசாஷி என்று வாசித்தார்கள், ஊர் கியூ என்று வாசித்தது. பெரிய மேடை ஏறியது 1958 ஆகஸ்டில், 16 வயதில். அமெரிக்காவில் முதலிடம் 1963 ஜூனில், 21 வயதில். நடுவில் ஐந்து வருடம் இருக்கிறது. அந்த ஐந்து வருடத்தைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

அதே இரவு, சற்று நேரம் கழித்து

ஒரு திருத்தம். மேலே ‘நிலையத்தில்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டேன். இங்கே இரண்டு ரயில் நிறுவனங்களுக்குத் தனித்தனி நிலையம். ஜேஆர் நிறுவனத்தின் நிலையத்தில் அந்த மெட்டு இல்லை. பக்கத்தில் இருக்கும் கெய்க்யூ கவாசாகி நிலையத்தில்தான். ஊருக்கு வந்து தேடிவிட்டு ஏமாறாதீர்கள்.

பிப்ரவரி 12

1958-ல் டோக்கியோவில் ராக்கபில்லி ஜுரம், அதாவது எல்விஸ் பாணி ராக் இசையின் மேல் பைத்தியம். நிச்சிகெக்கி என்ற பெரிய அரங்கில் அந்த வருடம் பிப்ரவரியில் ‘வெஸ்டர்ன் கார்னிவல்’ என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. மேடையில் கிடாரோடு உருண்டு பாடுவார்கள், கீழே இருந்து பெண்கள் காகித நாடாக்களை வீசுவார்கள். பையன்கள் பலர் பயின்றது அமெரிக்கப் படைத்தளங்களிலும், காபி குடித்துக்கொண்டே நேரில் இசை கேட்கிற ஜாஸ் கிஸ்ஸா கடைகளிலும்தான்.

கியூ பள்ளிக்கூடத்தில் எல்விஸ் பிரெஸ்லியை அப்படியே பாடிக் காட்டுகிற பையன். முகம் நிறையப் பரு. அழகன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், சிரித்தால் மட்டும் எல்லோரும் கூடச் சிரிப்பார்கள். டிரிஃப்டர்ஸ் என்ற குழுவில் சேர்ந்து, ஆகஸ்ட் மாத வெஸ்டர்ன் கார்னிவலில் லிட்டில் ரிச்சர்டின் ஒரு பாட்டைப் பாடினார். புதுமுகப் பரிசு கிடைத்தது. வருடக் கடைசியில் அங்கிருந்து விலகி, டேனி ஈடாவின் பாரடைஸ் கிங் குழுவில் பாடகராகச் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் குழுப் பாடகன் என்றால் ஒரு நாளைக்குப் பல முறை மேடை ஏற வேண்டும். கேட்க வருகிறவர்கள் ஒரு காபியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் பாட்டால் மட்டும் பிடித்து வைக்க முடியாது. பேச வேண்டும், முகம் காட்ட வேண்டும், விழுந்து எழ வேண்டும். நடிகர் கியூ அங்கேதான் உருவானார் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 14

டிரிஃப்டர்ஸ் என்றதும் இரண்டு பேர் “அந்த நகைச்சுவைக் குழுவா?” என்று கேட்டிருக்கிறார்கள். பெயர் அதேதான், ஆள்கள் வேறு. தொலைக்காட்சியில் ஜப்பானையே சிரிக்க வைத்த டிரிஃப்டர்ஸின் தலைவர் இக்காரியா சோஸுக்கே அந்தக் குழுவுக்கு வந்ததே 1962-ல். கியூ இருந்தபோது அது சுத்தமான இசைக்குழு. நான் முன்பே தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

இன்று பழைய இசைத்தட்டுக் கடையில் ‘கனாஷிக்கி ரோக்குஜுஸ்ஸாய்’ கிடைத்தது. தலைப்பின் பொருள் ‘சோகமான அறுபது வயது’. 1960 ஆகஸ்டில் வந்தது, பாடியவருக்கு அப்போது 18.

கதை இது. முஸ்தபா என்ற ஒருவன் ஒரு அடிமைப் பெண்ணைக் காதலிக்கிறான். அவளை விலை கொடுத்து மீட்கப் பணம் சேர்க்கிறான், சேர்க்கிறான், சேர்த்து முடிக்கும்போது அறுபது வயதாகிவிடுகிறது. மத்திய கிழக்கிலிருந்து ஐரோப்பா வழியாக வந்த ‘முஸ்தபா’ என்ற மெட்டு. ஜப்பானிய வரிகளை எழுதியது ஆவோஷிமா யுக்கியோ. பிற்காலத்தில், 1995-ல், டோக்கியோவின் ஆளுநராகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர்!

மூன்று முறை கேட்டேன். முதல் முறை சிரிப்பு வந்தது. இரண்டாவது முறை அந்தப் பையன் கிழவனாக நடிக்கிற விதம் கவனத்தில் பட்டது. குரலைக் கரகரப்பாக்கிக் கேலி செய்யவில்லை. அறுபது வயது வரையான காத்திருப்பை முகத்தில் பரு நிறைந்த ஒரு பையன் தன் குரலிலேயே நம்புகிற மாதிரி பாடுகிறான். மூன்றாவது முறை கேட்கும்போது எனக்குச் சிரிப்பே வரவில்லை. ஜப்பானில் அவரை முதலில் தூக்கிவிட்டது இந்தப் பாட்டுதான். ‘சுகியாகி’க்கு ஒரு வருடம் முன்பே அவரை எல்லோருக்கும் தெரியும்.

பிப்ரவரி 25

சரி, அந்தப் பாட்டுக்கு வருவோம். ‘சுகியாகி’யின் உண்மையான ஜப்பானியப் பெயர் ‘உவே ஓ முயித்தே அருக்கோ’, அதாவது மேலே பார்த்தபடி நடப்போம். கண்ணீர் கீழே விழாமல் இருக்க ஒருவன் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடக்கிறான். வரிகள் எய் ரோக்குசுக்கே, இசை நாக்காமுரா ஹாச்சிதாய். 1961 ஜூலை 21-ல் நாக்காமுராவின் தனி நிகழ்ச்சி சாங்கேய் அரங்கில் நடந்தபோது முதன்முதலாகப் பாடப்பட்டது. அக்டோபரில் இசைத்தட்டு. அதே அக்டோபரிலும் நவம்பரிலும் ஜப்பானின் பொதுத் தொலைக்காட்சியான என்எச்கேயின் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியான ‘யூமே தே ஐமாஷோ’வில் மாதப் பாட்டாக ஒலித்தது. நிகழ்ச்சியின் பெயருக்குக் கனவில் சந்திப்போம் என்று பொருள். பாட்டும் குட்டி நாடகங்களும் கலந்த நேரடி ஒளிபரப்பு. கியூ அங்கே பாடகர் மட்டுமில்லை, நடிக்கவும் செய்தார்.

பாடலாசிரியர் எய்க்குக் கியூ பாடிய விதம் பிடிக்கவே இல்லை. தலைப்பை நேராகப் பாடாமல் ஒவ்வொரு உயிரெழுத்துக்குள்ளும் ஒரு ‘ஹ’ நுழைத்து, ‘உஹேஹோ முஹுயித்தே’ என்பது போலப் பாடினார் கியூ. தான் எழுதிய வார்த்தைகள் இப்படிச் சிதைகிறதே என்று எய் கோபப்பட்டார். நாக்காமுராவுக்கோ அந்தக் குரல்தான் வேண்டியிருந்தது.

ஒருமுறை அலுவலக விருந்துக்குப் பின் கரோக்கியில் நான் இதைப் பாடினேன். எழுத்துக்களை ஒழுங்காகப் படித்து, ஒவ்வொரு அசையையும் சுத்தமாக உச்சரித்தேன். முடித்ததும் அறுபது வயதுள்ள எங்கள் பிரிவுத் தலைவர் மென்மையாகச் சொன்னார்: “ஜப்பானிய மொழி நன்றாக இருக்கிறது. பாட்டு இன்னும் வரவில்லை.” வெகு நாள் அதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 26

அந்த ‘ஹ’வை எல்விஸ் பாணி விக்கல் என்றுதான் இதுவரை நம்பியிருந்தேன். நேற்று இரவு அப்படி எழுதி, அனுப்பும் முன் அழித்தேன். அது பாதி உண்மை. கியூவின் அம்மாவுக்கு ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தின் இசையில் ஈடுபாடு உண்டு. கியோமோத்தோ போன்ற பழைய பாட்டு மரபுகள் அந்த வீட்டில் ஒலித்தன, கடைசிப் பிள்ளை அவற்றைக் கேட்டு வளர்ந்தார். ஒரு உயிரெழுத்தை நீட்டி அதற்குள்ளேயே மூச்சை வைத்து அசைப்பது அந்த மரபின் வழி. எய்யே பிற்காலத்தில் அதைப் புரிந்துகொண்டு சொல்லியிருக்கிறார். எல்விஸைக் கேட்ட காதும் அம்மாவைக் கேட்ட காதும் ஒரே தொண்டையில் சேர்ந்திருக்கின்றன.

நம் காதுக்கு இது அந்நியமே இல்லை. ஒரு அகாரத்துக்குள் எத்தனை அசைவு வைக்கலாம் என்று கேட்டுப் பழகியவர்கள் நாம்.

இன்னொன்று. பாட்டின் தொடக்க வரிகள் என் காதில் மோகனமாக விழுகின்றன. ஜப்பானியரும் நான்காவது, ஏழாவது சுரங்களை விட்ட ஐந்து சுர வரிசையை வெகுவாகப் பயன்படுத்துகிறார்கள். யொனாநுக்கி என்று அதற்குப் பெயர்.

மார்ச் 3

“காதல் தோல்விப் பாட்டுதானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். வரிகளில் காதலி இல்லை, காரணமும் இல்லை. தனியாக ஒரு இரவு, நட்சத்திரம், கண்ணீர். அவ்வளவுதான்.

எழுதியவரின் காரணம் வேறு. 1960-ல் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து ஜப்பான் முழுக்கப் போராட்டம் நடந்தது. எய் அதில் கலந்துகொண்டவர். ஜூன் 15 அன்று நாடாளுமன்ற வளாகத்தில் கான்பா மிச்சிக்கோ என்ற மாணவி இறந்தார். நான்கு நாளில் ஒப்பந்தம் தானாகவே நாடாளுமன்ற ஒப்புதல் பெற்றுவிட்டது. தோற்றுத் திரும்புகிற ஒருவனின் நடைதான் அந்தப் பாட்டு.

இதை எழுதும்போதுதான் தேதி என் கண்ணில் பட்டது. அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் இந்தப் பாட்டு முதலிடம் பிடித்த வாரத்தின் தேதி 1963 ஜூன் 15. மாணவி இறந்து சரியாக மூன்று ஆண்டு. தற்செயல்தான். ஆனாலும் நாள்காட்டியை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

கியூவுக்கு இந்தப் பின்னணி எவ்வளவு மனதில் இருந்தது என்பது வேறு கேள்வி. பாடும்போது 19 வயது. அவர் குரலில் தோல்வி கேட்கவில்லை, தோல்வியை மறைக்கிற சிரிப்பு கேட்கிறது. எழுதியவர் கோபத்தோடு எழுதியதை அவர் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அதனால்தான் காரணம் தெரியாதவர்களும் அழுதார்கள்.

மார்ச் 3, பின்குறிப்பு

ரோக்கு என்றால் ஆறு, ஹாச்சி எட்டு, கியூ ஒன்பது. ரோக்குசுக்கே, ஹாச்சிதாய், கியூ மூவரையும் 6-8-9 கூட்டணி என்றே ஜப்பானில் அழைத்தார்கள். என் மகளுக்கு இதைச் சொன்னதும் “ஏழு எங்கே அப்பா?” என்றாள். அந்த ஏழு பாட்டைக் கேட்கிறவர்தான் என்று சொல்லிவைத்தேன், அவளுக்குப் பிடித்துவிட்டது.

மார்ச் 16

நடிப்பைப் பற்றி இன்னும் சரியாகச் சொல்லவில்லை. பாட்டு ஓடியதும் நிக்காட்சு நிறுவனம் அதே பெயரில் 1962-ல் படம் எடுத்தது. இயக்கம் மசுதா தோஷியோ. கியூவோடு ஹமாதா மிட்சுவோ, யோஷினாகா சயூரி. சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பி ஓடும் பையன்களில் ஒருவன் கியூ. மற்றவர்கள் நடிக்கிறார்கள் என்று தெரியும். கியூ சும்மா நிற்பது போலிருக்கும், ஆனால் கண் அவரிடமே போகும். காபிக் கடை மேடைகள் கற்றுக்கொடுத்தது அது.

எனக்கு மனதுக்கு நெருக்கமானது அடுத்தது. ‘மியாகெத்தே கோரான் யோரு நோ ஹோஷி ஓ’, இரவின் நட்சத்திரங்களை நிமிர்ந்து பார் என்று பொருள். எய்யும் இசையமைப்பாளர் இசுமி தாக்குவும் 1960-ல் உருவாக்கிய இசை நாடகம். பகலில் வேலை, இரவில் பள்ளி என்று வாழும் பிள்ளைகளைப் பற்றியது. 1963-ல் கியூ நாயகனாக அது திரும்ப மேடையேறியது, அதே வருடம் படமும் வந்தது.

எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். வயது 77. எதேச்சையாக இந்தப் படத்தின் பெயரைச் சொன்னேன். கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டார். 1962-ல் வடக்கே இருக்கும் அவோமோரியிலிருந்து 15 வயதில் ரயிலேறி வந்தவராம். அந்தக் காலத்தில் நடுநிலைப் பள்ளி முடித்த கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டமாக ரயிலில் ஏற்றித் தொழிற்சாலைகளுக்கு அழைத்து வருவார்கள். ஷூதான் ஷூஷோக்கு என்று அதற்குப் பெயர். ‘தங்க முட்டைகள்’ என்று அந்தப் பிள்ளைகளை அழைத்தார்கள். டோக்கியோவின் உவெனோ நிலையத்தில் இறங்கியபோது ஊர்ப் பேச்சு வாயில் வந்துவிடுமோ என்று பயந்து ஒரு நாள் முழுக்கப் பேசவே இல்லை என்றார்.

அவர் பகலில் மின்கருவித் தொழிற்சாலையில் வேலை பார்த்து, மாலையில் இரவுப் பள்ளிக்குப் போனவர். அவர் உட்கார்ந்த மேசையில் பகல்நேர மாணவி ஒருத்தி சீவிப்போட்ட பென்சில் தூள் இருக்குமாம். அதை ஊதிவிட்டுப் புத்தகத்தைத் திறப்பாராம். “கியூச்சான் எங்கள் ஆள்” என்றார். சான் என்பது பிள்ளைகளையும் நெருங்கியவர்களையும் செல்லமாகச் சொல்கிற ஒட்டு. 77 வயதுப் பாட்டி இன்றும் அவரைக் கியூச்சான் என்றே சொல்கிறார்.

இளம் பாடகருக்கு ரசிகர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை. வீட்டை விட்டு வந்த லட்சக்கணக்கான பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பருவோடு சிரிக்கிற, அழகில்லாத, அழுகையைக் காட்டிக்கொள்ளாத ஒரு பையன் தேவைப்பட்டான்.

மார்ச் 20

கேள்வி கேட்டவருக்கு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜப்பானுக்குள் நடந்தது உழைப்பு. கடல் தாண்டியது பெரும்பாலும் அதிர்ஷ்டம்தான்.

பிரிட்டனின் ‘பை’ (Pye) என்ற இசைத்தட்டு நிறுவனத்தைச் சேர்ந்த லூயி பெஞ்சமின் ஜப்பான் வந்தபோது பாட்டைக் கேட்டார். கென்னி பாலின் ஜாஸ் குழுவைக் கொண்டு வரிகளே இல்லாமல் வாத்திய இசையாகப் பதிவு செய்தார். மூலப் பெயரை அறிவிப்பாளர்கள் வாயில் நுழைக்க முடியாது என்று ‘சுகியாகி’ என்று பெயர் வைத்தார்கள். 1963 தொடக்கத்தில் பிரிட்டனில் அது பத்தாம் இடம் வரை போனது. அதன் பிறகு அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்துப் பாஸ்கோ என்ற சிறு ஊரின் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் கியூவின் மூல இசைத்தட்டையே ஒலிபரப்பினார். கேட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கேப்பிட்டல் நிறுவனம் வெளியிட்டது. மூன்று வாரம் முதலிடம். முழுக்க ஜப்பானிய மொழியில் அங்கே முதலிடம் பிடித்த பாட்டு இன்றுவரை இது ஒன்றுதான்.

கியூ ஆகஸ்டில் அமெரிக்கா போய் ஸ்டீவ் ஆலன் நிகழ்ச்சியில் பாடினார். அடுத்து வந்த ‘சைனா நைட்ஸ்’ 58-ஆம் இடத்தோடு நின்றது.

ஆனால் இதையும் யோசியுங்கள். வாத்திய இசையாகவே மெட்டு ஓடியிருந்தால் அது மெட்டின் வெற்றி. அமெரிக்காவில் ஓடியது ஒரு வார்த்தையும் புரியாத குரல். அது பத்தொன்பது வயதுப் பையனின் குரல், அவன் அதற்குள் மூன்று வருடம் மேடையில் பாடி முடித்தவன்.

மார்ச் 21

பெயர் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். சுகியாகி என்பது மாட்டிறைச்சியும் காய்களும் போட்டு மேசையிலேயே வேகவைத்துச் சாப்பிடும் உணவு. பாட்டில் சாப்பாடே கிடையாது. அழுகையை அடக்கிக்கொண்டு நடக்கிற பாட்டுக்குச் சட்டியில் வேகும் இறைச்சியின் பெயர்! அந்தப் பெயரில் தேடித்தான் உலகம் அவரை இன்றும் கண்டுபிடிக்கிறது. நான் முடிந்தவரை மூலப் பெயரையே எழுதுகிறேன்.

ஏப்ரல் 7

“விமான விபத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை?” 1985 ஆகஸ்ட் 12, ஜப்பான் ஏர்லைன்ஸ் 123, 520 பேர் இறந்தார்கள். அவர்களில் கியூவும் ஒருவர், வயது 43. அவரைப் பற்றி யார் எழுதினாலும் அங்கே தொடங்கி அங்கேயே முடிக்கிறார்கள். இந்த இழையில் அவருக்கு 21 வயதுதான்.

ஏப்ரல் 8

1963 டிசம்பரில் ‘அஷித்தா கா அரு சா’. நாளை இருக்கிறது என்று பொருள். வரிகள் மறுபடியும் ஆவோஷிமா, இசை நாக்காமுரா. 1964-ல், ‘மகிழ்ச்சி என்றால் கை தட்டு’ என்று உலகமே பாடும் குழந்தைப் பாட்டின் ஜப்பானிய வடிவம். என் மகள் பாலர் பள்ளியில் கற்ற முதல் ஜப்பானியப் பாட்டு அதுதான். பாடியவர் யார் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஜூன் 15

தேதிக்காகவே இன்று எழுதுகிறேன். காலையில் கீழ்த்தளப் பாட்டியோடு கெய்க்யூ நிலையம் வரை நடந்தேன். அவருக்கு மருத்துவமனை, எனக்கு அந்தப் பக்கம் வேலை. ரயில் வந்தது, மெட்டு ஒலித்தது. எய் கோபப்பட்ட கதையை அவரிடம் சொன்னேன், உயிரெழுத்துக்குள் ‘ஹ’ நுழைத்த கதையை.

பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாக முதல் வரியைப் பாடிக் காட்டினார். கியூ பாடியது போலவே, ஒவ்வொரு எழுத்திலும் அந்த மூச்சோடு. இசைத்தட்டைக் கேட்டுப் பழகினீர்களா என்று கேட்டேன்.

“இசைத்தட்டு வாங்க யாரிடம் காசு இருந்தது? தொழிற்சாலை ஆறு மணிக்கு முடியும், பள்ளி ஆறரைக்கு. நாங்கள் நாலு பேர் ஓடிக்கொண்டே பாடுவோம். ஓடினால் மூச்சு இப்படித்தான் வரும்” என்றார். அதற்குள் கதவு திறந்துவிட்டது, ஏறிக்கொண்டார்.